துடக்கு வீட்டு விருந்தாளிகள்

சாருஜா தன் முதல் ‘வெல்னஸ் ரிட்ரீட்’டுக்குத் திட்டம் போட்டது கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மாமியாரின் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான். எதிர்வீடு என்னுடையது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்கூட இல்லை. ஆகவே அந்த வீட்டில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்க வேண்டாம்.

ரிட்ரீட் என்றால் என்னவென்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. வசதியான ஆட்கள் கடலோரத்தில் ஒரு பெரிய வில்லாவை எடுத்து, விடிய எழும்பி யோகாசனம் செய்து, வல்லாரைச் சாறு குடித்து, எண்ணெய் தேய்த்து, மூலிகை ஆவியில் வேது பிடித்து, ஒரு கிழமை, ஏழு நாளும் போனைத் தொடாமல் இருந்து உடம்பையும் மனதையும் தேற்றிக்கொண்டு போவார்களாம். நாங்கள் காய்ச்சல் வந்தால் வீட்டில் சும்மா செய்வதையெல்லாம் இவர்கள் காய்ச்சல் இல்லாமலே காசு கொடுத்துச் செய்கிறார்கள் என்று சொன்னேன்.

"ரீச்சர், நீங்கள் இங்கிலீசை மட்டும் பாத்துத் தாங்கோ" என்றாள் சாருஜா.

பார்த்துக் கொடுத்தேன். பெண் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். காலை பத்து மணி வரை மௌனம் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருந்தாள். வாறவர்கள் யார் என்று கேட்டேன். கனடாவில் இருக்கிற எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆறு பேர் என்றாள். எங்கள் பெண்கள் ஆறு பேர் ஒரு வீட்டில் பத்து மணி வரை பேசாமல் இருந்தால் அவர்களுக்கு நோய் வருத்தம் வந்துவிடும் என்று ஓரத்தில் சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுத்தேன். அவள் மௌனத்தை நிரலிலிருந்து எடுக்கவில்லை.

சாருஜா கெட்டிக்காரி. பெரிய ஹோட்டல் ஒன்றில் நல்ல வேலையில் இருந்தவள். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருசத்தில் அந்த வேலை போயிற்று. அதற்குப் பிறகு சின்னச் சின்ன வேலைகள். அவளுடைய கணவன் கஜீவனுக்கு ரொறன்ரோவில் சித்தப்பா இருக்கிறார், போவதற்கு வழியும் இருந்தது. இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இந்த ரிட்ரீட் சரிவந்து அவளுக்கு ஒரு பெயர் வந்தால் கொழும்பில் இருப்பது. சரிவராவிட்டால் தை பிறக்கக் கனடாவுக்கு வெளிக்கிடுவது. கஜீவனின் தாய் சரோஜினிதேவிக்கும் தகப்பன் பாலசுந்தரத்தாருக்கும் அதைச் சொல்லியும் விட்டார்கள். பாலசுந்தரத்தார் பேப்பரை எடுத்து விரித்தார். சரோஜினி அக்கா அன்றிரவு வைத்த சொதியில் உப்பில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வீடு முழுக்க வேலை தொடங்கியது. மருமகள் செட்டியார் தெரு மருந்துக் கடையிலிருந்து வெட்டிவேர், ஓமம், காய்ந்த எலுமிச்சைத் தோல் என்று பைபையாகக் கொண்டுவருவாள். கண்ணுக்கு மேல் வைத்துப் படுக்கிற சின்னத் தலையணைகளுக்கு மாமியார் துணி வெட்டித் தைப்பா. நான் அவற்றுக்குள் மூலிகை அடைப்பேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது. பின்னேரம் ஆனால் கடற்பக்கம் கறுத்து, இடி இடித்து, மழை யன்னல் கண்ணாடியில் சாய்ந்து அடிக்கும். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகிற சத்தம்கூடக் கேட்காது. நாங்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசிப் பேசி அடைப்போம்.

எண்ணெய் தேய்க்கிற பிள்ளை துஷாந்தினி ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். மலைநாட்டு ஹற்றன் பக்கத்தவள், நல்ல சிரித்த முகம். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமென்று என் தோளைப் பிடித்தாள். "டீச்சர், கல்லு மாதிரி இருக்கு. எவ்வளவு கோபத்த இதுக்குள்ள வச்சிருக்கீங்க" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

பாலசுந்தரத்தாருடைய வேலை தேத்தண்ணி குடித்துப் பார்ப்பது. ஒவ்வொரு நாளும் ஒரு மூலிகை. ஒருநாள் ஏதோ வேரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள் சாருஜா. மனிதர் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தார்.

"பிள்ளை, இதைக் குடிச்சால் வருத்தம் மாறும். திரும்பவும் தருவினம் எண்ட பயத்திலை மாறும்."

அந்த முகத்தைச் சாருஜா போனில் படம் எடுத்து, தன் விளம்பரத்தோடு பேஸ்புக்கில் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் படம் போட்டு ஒரு கிழமைக்குள்தான் ரொறன்ரோவிலிருந்து பெல்லா ரட்ணம் என்று ஒருத்தி ஆறு பேருக்கும் சேர்த்துக் கேட்டு எழுதினாள். சாருஜாவுக்குத் தலைகால் தெரியவில்லை.

ஆனால் பெல்லாவின் நிபந்தனைகள் பலமாக இருந்தன. முழுக்கச் சைவம். வெள்ளிக்கிழமை விரதம். ஒருநாள் கதிர்காமத்தில் பூசை. எண்ணெய் தேய்க்கிறவள் தமிழ்ப் பிள்ளையாக இருக்கவேண்டும். பெயர்தான் பெல்லா, ஆசாரம் நல்லூர் வீதி என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர்கள் வருவதற்கு மூன்று கிழமை இருக்கும்போது பாலசுந்தரத்தார் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டு, கதிரையில் சாய்ந்து, பேப்பரை மடியில் வைத்தபடி. மனைவி வந்து பேப்பரை எடுத்தபோதுதான் தெரிந்தது. நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனிதர் என்று அதைவிடக் கூடச் சொன்னார்கள்.

செத்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு; பிணம் எடுக்கும்வரை அங்கே அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி சமைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் விடிய இடியப்பமும் சம்பலும் கொண்டு நான் போன நேரம் கஜீவன் போனை வைத்துக்கொண்டு தாய்க்கு முன்னால் நின்றான்.

"அம்மா, இன்ரநெற்றிலை போடுற மரண நோட்டீசுக்குப் படம் வேணும். அப்பாவின்ரை எந்தப் படத்தைப் போடுறது?"

"இப்ப போட வேண்டாம்" என்றா சரோஜினி அக்கா.

"ஏன்?"

அவ மகனைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தா. "பிள்ளை, உன்ரை கனடா ஆக்கள் எப்ப வருகினம்?"

"மாமி, அதை இப்ப விடுங்கோ."

"எப்ப எண்டுதான் கேட்டனான்."

"இன்னும் மூண்டு கிழமை."

"அப்ப துடக்கு முடியாது."

"முடியாது மாமி. நான் அவைக்கு எழுதி நிப்பாட்டுறன்."

"நிப்பாட்டினால் நீங்கள் ரெண்டு பேரும் வெளிக்கிடுவியள்" என்றா அக்கா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. "வெள்ளி விரதம், கதிர்காமப் பூசை எண்டு கேக்கிற ஆக்கள். துடக்குக்காரி குங்குமத் தட்டோட வாசலிலை நிண்டால் உள்ளுக்கு வருவினமே? எங்கடை சனம் விடியக் கோப்பி குடிக்க முதல் மரண அறிவித்தலைத்தான் பாக்கிறது. படம் போட்டால் பத்து நிமிசத்திலை கண்டிடுவினம். முப்பத்தொண்டு முடிய, அவையும் திரும்பிப் போன பிறகு போடுவம்."

"அப்பாவை ஒளிச்சு வைக்கிறதோ அம்மா?" கஜீவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் ஒளிக்கிறது? நாளைக்கு வெள்ளவத்தையே வந்து அவரைக் கனத்தைச் சுடலைக்குக் கொண்டு போகும். கனடாவுக்கு மட்டும் பிறகு சொல்லுவம்."

சாருஜா இரண்டு தரம் வேண்டாம் என்றாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆறு மாதம் வியர்வை சிந்தின பிள்ளை. ஆனால் அன்றைக்கு அவள் இடியப்பத்தைத் தொடவில்லை.

அதற்கு அடுத்த நாள் எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று சரோஜினி அக்கா எனக்குச் சொன்னா, "ஒராள் போயிட்டார் ரீச்சர். மிச்சம் ரெண்டு பேரையும் பிளேனிலை ஏத்திப்போட்டு நான் இந்த வீட்டிலை என்ன செய்யிறது?"

எங்கள் சனத்தால் அரைநாள் அடைத்து வைக்க முடியாத செய்தி மூன்று கிழமை அடைபட்டுக் கிடந்தது. வெளிநாட்டில் இருந்த பாலசுந்தரத்தாரின் இரண்டு சகோதரங்களுக்கு மட்டும் போன் எடுத்து, வாய் திறக்க வேண்டாமென்று சத்தியம் வாங்கினார்கள். கனத்தையில் சனம் நின்றது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுப் போன் அடிக்கவில்லை. வேறு வீடுகளில் ஒரு சாவென்றால் ராவுபகலாக லண்டனும் சுவிசும் அவுஸ்திரேலியாவும் எடுத்து அழும். பாலசுந்தரத்தார் எத்தனை பேரைப் பிளேன் ஏற்றி அனுப்பின மனிதர் என்று இந்தக் கட்டடத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் வெளிநாடு போகவென்று ஊரிலிருந்து வந்து ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்துக் கிடந்த பிள்ளைகளுக்கு அந்த வீட்டு ஹோல்தான் புகலிடம். சொந்தமென்றும் இல்லை, வாடகையும் இல்லை. பொலிசில் பதிவது, பிடித்துக்கொண்டு போனால் போய்க் கையெழுத்து வைத்துக் கூட்டி வருவது எல்லாம் அவர். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு போன் இல்லை. சரோஜினி அக்கா போனைச் சார்ஜில் போடுவதும் எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தா. அடிக்காது என்று அவவுக்குத் தெரியும். அடிக்க விடாமல் செய்தது அவதான்.

ஆறு பேரும் ஒரு சனிக்கிழமை விடிய வந்து இறங்கினார்கள். அன்றிரவு கடற்கரை வீதியில் ஒரு ஹோட்டலில் தங்கி, ஞாயிறு வெலிகமைப் பக்கம் வில்லாவுக்குப் போவதாக ஏற்பாடு. சாருஜா விமான நிலையத்துக்குப் போனாள். குங்குமத் தட்டைத் தொடவில்லை, ஹோட்டல் பிள்ளையைக் கொண்டு கொடுப்பித்தாள். வந்து என்னிடம் சொன்னாள், "நல்ல ஆக்கள் ரீச்சர். ஆனால் என்னைப் பாத்துப் பாத்துத் தங்களுக்குள்ளை சிரிக்கினம். விசயம் தெரிஞ்சிருக்குமோ?"

பின்னேரம் வழக்கமான மழை. லிப்ட் வழக்கம்போல நின்றுவிட்டது. ஆறு மணிபோலப் படியில் பல பேர் மூச்சு வாங்குகிற சத்தமும், சேலை சரசரப்பும், அடக்கின சிரிப்பும் கேட்டுக் கதவைத் திறந்தேன். பட்டுச் சேலை கட்டின ஆறு பெண்கள், எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டின வயது. ஒருத்தியின் கையில் பழத்தட்டு, அதன் மேல் மடித்து வைத்த பொன்னாடை. முன்னுக்கு நின்ற உயரமான பெண்ணின் கையில் பெரிய மல்லிகை மாலை.

"பாலசுந்தரம் அண்ணை வீடு இதிலைதானே அம்மா?" என்றாள் உயரமானவள், குரலைத் தாழ்த்தி. "முந்திப் பச்சைக் கதவு. மாத்திப்போட்டினம் போலை. சத்தம் போடாதேங்கோ. அண்ணைக்குத் தெரியாது நாங்கள் வாறது. மருமகளுக்கும் தெரியாது. பெல்லா எண்ட பேரிலை எழுதி ஏமாத்திப்போட்டன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று அந்த வாய் திறபடவில்லை. நான் அவள் கையில் இருந்த மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பின்னால் நின்ற ஒருத்தி மணியை அடித்துவிட்டாள்.

சரோஜினி அக்காதான் திறந்தா. சாம்பல் நிறப் பருத்திச் சேலை, வெறும் நெற்றி. அவவின் தோளுக்கு மேலால், சுவரோரம் சின்ன மேசையில் படமும் அதற்கு முன் எரிகிற விளக்கும் தெரிந்தன.

ஆறு பேரின் சிரிப்பும் ஒன்றாக நின்றது. உயரமானவள் அக்காவின் நெற்றியைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள்.

"பாலேஸ்வரியோ?" என்றா சரோஜினி அக்கா. வருசக் கணக்குக்குப் பிறகும் அந்த உயரம் அவவுக்கு மறக்கவில்லை.

"அக்கா, அண்ணை எப்ப?"

"மூண்டு கிழமை."

பாலேஸ்வரி வாசலிலேயே இருந்துவிட்டாள், பட்டுச் சேலையோடு, மழைச் சேறு பட்ட நிலத்தில். மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்று அழுதார்கள். அந்த வீட்டுக்கு வரவேண்டிய அழுகையெல்லாம் ஒரேயடியாக வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. சத்தம் கேட்டு உள்ளே பைகள் கட்டிக்கொண்டிருந்த சாருஜாவும் கஜீவனும் ஓடி வந்தார்கள். தன் வாடிக்கைக்காரர்கள் மாமனாருக்காக வாசலில் இருந்து அழுவதைக் கண்டு சாருஜா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வந்து இருந்த பிறகு பாலேஸ்வரிக்குக் கோபம் வந்தது. வரத்தானே வேண்டும்.

"ஒவ்வொரு நாளும் நோட்டீஸ் பாக்கிறனான். ஆரார்ரை சாவுக்கெல்லாம் போன் எடுத்திருக்கிறன். அண்ணையின்ரையை ஏன் போடேல்லை? கண்டிருந்தால் அடுத்த பிளேனிலை வந்திருப்பனே. அவர்ரை முகத்தை ஒருக்காப் பாத்திருப்பனே."

"என்னாலைதான் அன்ரி" என்றாள் சாருஜா. அவள் இருக்கவில்லை, பிழை செய்த பிள்ளை வகுப்பில் நிற்பதுபோல நின்றாள். "நீங்கள் ஆசாரமான ஆக்கள் எண்டு நினைச்சன். துடக்கு எண்டு தெரிஞ்சால் வரமாட்டியள் எண்டு பயந்தன். இது சரிவராட்டில் நாங்கள் நாட்டை விட்டுப் போறதெண்டு இருந்தம்."

"அவள் வேண்டாம் எண்டவள். நான்தான் போட விடேல்லை" என்றா சரோஜினி அக்கா. "ஏச வேணுமெண்டால் என்னை ஏசு."

பாலேஸ்வரி மாலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சாருஜாவின் பக்கம் திரும்பினாள்.

"சாருஜா, உம்மடை பேஸ்புக்கிலை அண்ணை தேத்தண்ணி குடிக்கிற படம் ஒண்டு கிடந்தது. வேலைக்குப் போற பஸ்ஸிலை கண்டனான். இறங்கிற இடத்தை விட்டுப்போட்டு அழுதுகொண்டு போனன். பிறகுதான் இவையளைத் தேடித் தேடிப் பிடிச்சன். இவையள் எல்லாரும் இந்த ஹோலிலை படுத்த ஆக்கள், ஒரே காலத்திலை இல்லை, ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தர். அண்ணையைப் பாக்க வரவேணும், மருமகளுக்கு ஒரு நல்ல தொடக்கமும் குடுக்கவேணும் எண்டுதான் இதுக்கு எழுதினது. யோகாசனம் செய்ய ரொறன்ரோவிலை எங்களுக்கு இடமில்லையே?"

"அப்ப கதிர்காமம், விரதம்?" என்று கேட்டாள் சாருஜா.

"எனக்கு விரதம். இவைக்கு வெள்ளிக்கிழமையும் கோழி" என்றாள் பாலேஸ்வரி. ஆறு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாலை இன்னும் அவள் மடியில் கிடந்தது. உயிரோடு இருக்கிறவருக்கென்று வாங்கின மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையால் தடவிக்கொண்டிருந்தாள். "போடு பிள்ளை, அவருக்குத்தானே வாங்கினது" என்றா அக்கா. பாலேஸ்வரி எழும்பிப் படத்துக்குப் போட்டாள். படத்தைவிட மாலை பெரிது. கஜீவன் அதை இரண்டாக மடித்துச் சரிப்படுத்தினான்.

பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். பாலேஸ்வரியைச் சோதனைச் சாவடியில் பிடித்து ஒரு முழு இரவு பொலிசில் வைத்திருந்தபோது, பாலசுந்தரத்தார் விடியும்வரை வெளி வாங்கில் இருந்தாராம். உள்ளே போய்த் தங்கச்சி என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாராம். இப்போது டொக்டராக இருக்கிற ஒருத்தி, விமானத்துக்குப் போட சப்பாத்து இல்லாமல் நின்றபோது அவரே காலி வீதிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னாள். "சப்பாத்துப் பார்சலுக்குள்ளை புளிச்சோறும் கிடந்தது. பிராங்பேட்டிலை பிளேன் மாறேக்கை சாப்பிட்டனான்" என்றாள்.

"புளிச்சோறு அவர் கட்டேல்லை" என்றா சரோஜினி அக்கா. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னா.

டொக்டர் திரும்பிச் சரோஜினி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பழத்தட்டில் இருந்த பொன்னாடையைப் பார்த்தாள். அது ஆண்களுக்குப் போர்த்துகிற, சரிகைக் கரை வைத்த பொன்னாடை.

"பொலிசுக்குக் கொண்டுவந்த இடியப்பமும் நீங்கள் அவிச்சதுதானே அக்கா" என்றாள் பாலேஸ்வரி மெதுவாக. "ஒரு மாரி முழுக்க இந்தக் குசினியிலை மூண்டு நேரமும் தின்டன். அண்ணைக்கு மாலை கொண்டு வந்தம், பொன்னாடை கொண்டு வந்தம். உங்களுக்கு ஒண்டும் கொண்டு வரேல்லை."

"எனக்கென்னத்துக்கு" என்றா அக்கா. எழும்பினா. "தேத்தண்ணி போடச் சொல்லுறன். ரீச்சர், உங்கடை வீட்டிலை போட்டுத் தாறியளே? இஞ்சை துடக்கு."

பாலேஸ்வரி அவவின் கையைப் பிடித்து இருத்தினாள். "உங்கடை குசினியிலை போடுங்கோ. சோறு கிடந்தாலும் போடுங்கோ, பசிக்குது."

"துடக்கு வீட்டிலை நீங்கள் சாப்பிடக் கூடாது பிள்ளை."

"பொலிசிலை தங்கச்சி எண்டு கையெழுத்து வைச்சவர் அவர். தங்கச்சிக்குத் துடக்கு இல்லையோ? எனக்கும் முப்பத்தொண்டு நாள்தான் அக்கா. மூண்டு கிழமை தெரியாமல் திரிஞ்சிட்டன். மிச்சத்தை இஞ்சை காக்கிறன்."

அன்று அந்த ஹோலில் நிலத்தில் வரிசையாக இருந்து ஆறு பேரும் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். பட்டுச் சேலையில் குழம்பு சிந்தினதை ஒருத்தியும் பார்க்கவில்லை. நன்றி என்ற சொல்லை நாங்கள் கதைக்கிற தமிழில் அவ்வளவு பாவிப்பதில்லை. ஆனால் ஒரு வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு வாங்கித் தின்பதுதான் அது என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. எனக்கே யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது, யாருக்கென்று தெரியவில்லை.

சாப்பாடு முடிய டொக்டர்தான் திட்டத்தை மாற்றினாள். அவர்கள் மூன்று கிழமைக்கு வந்தவர்கள், ரிட்ரீட் முடிய யாழ்ப்பாணம் போவதாக இருந்தது. இப்போது முதலில் யாழ்ப்பாணம். முப்பத்தொன்றுக்குத் திரும்பி வந்து வெள்ளவத்தையில் நிற்பது. அதற்குப் பிறகு வில்லா. கஜீவன் வில்லாக்காரனுக்கு அப்போதே சிங்களத்தில் போன் எடுத்தான். ஆட்கள் வராத காலம், அவனுக்கு எந்த நாளும் ஒன்றுதான். "ப்ரஷ்னயக் நே மல்லி", பிரச்சினை இல்லைத் தம்பி என்று அவன் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"ஒரு கண்டிசன்" என்றாள் பாலேஸ்வரி. "அக்காவும் வரவேணும். குசினிக்கு இல்லை. எங்களோட, ஏழாவது ஆளா."

"முப்பத்தொண்டு முடிஞ்ச கையோட பொம்பிளை கடற்கரைக்குப் போனால் ஊர் என்ன கதைக்கும்?" என்றா அக்கா.

"ஊர் முழுக்க ரொறன்ரோவிலைதானே அக்கா கிடக்கு. அங்கை நான் பாத்துக்கொள்ளுறன்."

மரண அறிவித்தலும் அன்றே போனது. படம் எது என்ற கேள்வி இல்லை, தேத்தண்ணி குடிக்கிற படம்தான். முகம் சுழித்த படம் போடுவதோ என்று கஜீவன் யோசித்தான். அதுதான் அவர் என்றா தாய். அடுத்த நாள் விடிய எனக்கு நித்திரை முறிந்தது எதிர்வீட்டுப் போன் சத்தத்தில். அது மத்தியானம்வரை ஓயவில்லை. லண்டன், சுவிஸ், நோர்வே, பெயர் தெரியாத ஊர்கள். சரோஜினி அக்கா ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொன்னா. சாப்பிட்டார், பேப்பர் பார்த்தார், போனார். சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது.

முப்பத்தோராம் நாள் கஜீவன் விடிய முகத்துவாரக் கடற்கரைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்தான். பெண்கள் வீட்டில் சமைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு பேரும் கொண்டுவந்த முருங்கைக்காயும் பனங்கிழங்குப் புழுக்கொடியலும் குசினியை அடைத்துக் கிடந்தன. கனடா நகங்களோடு மரவள்ளி உரித்தார்கள். ஒருவரையொருவர் பிழை பிடித்தார்கள். பாயசத்துக்குச் சீனி காணாது என்று ஒரு சண்டையும் நடந்தது.

மூன்று நாள் கழித்து வெலிகமைப் பக்கம் போனோம். நானும்தான். மௌனக் காலையைக் கண்காணிக்க ஒரு ரீச்சர் வேண்டுமென்று பாலேஸ்வரி என் பெயரையும் சேர்த்துவிட்டாள். முதல் நாள் காலை மௌனம் ஏழு மணிக்கே உடைந்தது. குரங்கு ஒன்று டொக்டரின் வல்லாரைச் சாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, அதாவது மௌனத்தைப் பற்றி.

இடம் அழகுதான். தென்னைக்கு நடுவே வெள்ளை வீடு, முன்னுக்கு நீலத் தடாகம், அதற்கு அப்பால் கடல். ஆனால் சரோஜினி அக்காவுக்கு அங்கே இருக்கத் தெரியவில்லை. விடிய எழும்பிக் கட்டிலை விரித்தா. மற்றவர்களின் துவாய்களை மடித்தா. வில்லாவின் குசினிக்குப் போய்ச் சமையல்காரரிடம், "மல்லி, பொல் தியெனவத, நான் திருவித் தாறன்" என்று அரைச் சிங்களத்தில் தேங்காய் கேட்டா. அவர் பயந்துபோய்ச் சாருஜாவைக் கூப்பிட்டார்.

இரண்டாம் நாள் பின்னேரம் துஷாந்தினி வந்து அவவுக்கு முன்னால் நின்றாள். "அம்மா, எல்லாருக்கும் முடிஞ்சிருச்சி. நீங்க மட்டுந்தான் பாக்கி."

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நீ களைச்சிருப்பாய்."

"தலைக்கு மட்டும் வைக்கிறேன். ஒக்காருங்க. பிடிக்கலன்னா எழும்பிப் போயிருங்க."

அக்கா சுற்றிப் பார்த்தா. மடிக்கத் துவாய் ஒன்றும் மிச்சமில்லை. இருந்தா. துடக்கு நாளெல்லாம் எண்ணெய் படாத தலை, காய்ந்துபோய்க் கிடந்தது. துஷாந்தினி இளஞ்சூடான எண்ணெயை உச்சியில் ஊற்றி விரல்களால் மெல்லப் பரப்பினாள். அக்கா முதலில் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தா. எண்ணெய் சேலையில் வடிகிறதோ என்று கையை வைத்து வைத்துப் பார்த்தா.

"கைய மடியில வைங்கம்மா. ஒன்னும் செய்ய வேணாம்."

"ஒண்டும் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை."

"தெரியிது. சொல்லுங்க, எங்க நோகுது?"

சரோஜினி அக்கா வெகுநேரம் யோசித்தா. எங்கே என்று தெரியாமலா, அப்படி ஒருவர் கேட்டு எவ்வளவு காலம் என்று யோசித்தாவா, எனக்குத் தெரியாது. பிறகு கையைத் தூக்கிப் பிடரியில் ஓரிடத்தைக் காட்டினா. துஷாந்தினி அந்த இடத்தில் பெருவிரலை வைத்தாள். அக்காவின் கண்களிலிருந்து தண்ணீர் வடிந்தது. கணவர் போன நாளிலிருந்து அவ அழுததை நான் காணவில்லை. அழுகிறோம் என்று அவவுக்கே தெரியாதமாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. தடாகத்தின் மறுகரையில் கதைத்துக்கொண்டிருந்த ஆறு பேரும் ஒருத்தரும் சொல்லாமலே பேச்சை நிறுத்தினார்கள்.

சாருஜா சூடான துவாயோடு வந்து பக்கத்தில் குந்தினாள். "மாமி, என்னை மன்னிச்சிடுங்கோ. அந்த மூண்டு கிழமையும் போன் அடிக்காமல் நீங்கள் இருந்த இருப்பு."

"அது என்ரை வேலை. நீ ஏன் அந்தப் பழியைத் தூக்குறாய்" என்றா அக்கா, கண் திறக்காமல். "இந்தப் பிள்ளையின்ரை கை நல்ல கை. விட்டிடாதை."

அப்போது கஜீவன் வாகனத்திலிருந்து இளநீர்க் குலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தாய் தலை முழுக்க எண்ணெயோடு, கால் நீட்டி, ஒரு வேலையும் இல்லாமல் சாய்ந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றான். பிறந்ததிலிருந்து அவன் காணாத காட்சி அது.

காலடிச் சத்தத்தில் அக்காவுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"தம்பி, இவள் அடுத்த கூட்டம் எப்ப எண்டு ஒண்டும் சொல்லுறாள் இல்லை. உனக்குத் தெரியுமே?"

சாருஜா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அடுத்த கூட்டம் என்று ஒன்று அவர்கள் வாயில் இன்னும் வரவில்லை. பாலேஸ்வரிதான் தன்னுடைய வேலையிடத்துப் பெண்கள் வரப்போவதாக முதல்நாள் சொல்லியிருந்தாள். அதற்கு ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

கஜீவன் குலையை மெதுவாக நிலத்தில் வைத்தான். மனைவியைப் பார்த்தான், எண்ணெய் வடிகிற தாயின் தலையைப் பார்த்தான்.

"மாசியிலை அம்மா" என்றான். "மாசி நடுப்பகுதியிலை."

"நல்லது" என்றா சரோஜினி அக்கா. "அப்ப மழை விட்டிடும். தலையணைத் துணியை நல்லாக் காயவிட்டுத் தைக்கலாம்."